பரிசு இல்லாத மேடை

நுழையும்முன்

மேடையேறி இசைப்பது மட்டுமன்று, பிறர் இசைப்பதை அமர்ந்து கேட்பதும் இசைக்கல்வியே. வெற்றி தோல்வி என்னும் பேச்சே இல்லாமல் பள்ளி மாணவர்கள் ஒன்றுகூடி இசைத்து, கேட்டு, தம் குறைகளைத் திருத்திக்கொண்டு திரும்பும் விழாக்கள் உலகின் சில பகுதிகளில் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றான பள்ளி ஜாஸ் இசை விழாவை அறிமுகப்படுத்தி, அதனை நம் இசை மரபோடு ஒப்புநோக்குகிறது இக்கட்டுரை.

ஓர் ஊரும் ஒரு வினாவும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பண்ணைப்புரம். ஒருபுறம், முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு. மறுபுறம், ஏலமும் தேயிலையும் விளையும் மலை. 1943ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தவர் இளையராஜா. 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வழியே தமிழகத்திற்கு அறிமுகமான அவர், 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவர் பெற்ற பெருமைகளை நீங்கள் அறிவீர்கள். அவர் இசை கற்ற முறையை நாம் இங்கு எண்ணிப்பார்ப்போம்.

தம் தமையனார் பாவலர் வரதராசன் நடத்திய இசைக்குழுவில் இளையராஜா ஏறத்தாழப் பதினான்காம் வயதில் இணைந்தார். அக்குழு ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியது. அண்ணன் பாட, தம்பியர் உடன் இசைத்தனர். ஊர் ஊராகச் செல்லும் குழுவினருக்கு ஒவ்வொரு மேடையும் ஒரு வகுப்பறை. ஓரூரில் எடுபடாத பாடலை அடுத்த ஊரில் மாற்றிப் பாடலாம். உடன் இசைப்பவரின் நெளிவு சுளிவுகளை அருகிருந்தே கற்கலாம். பின்னர்ச் சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையையும் அதனை எழுதும் முறையையும் பயின்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார்.

இந்நெடிய பயிற்சியில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். முதலாவது, பிறரோடு சேர்ந்து இசைத்தல். இரண்டாவது, கூர்ந்து கேட்டல். மூன்றாவது, அறிந்த ஒருவர் அருகிலிருந்து திருத்துதல். இம்மூன்றும் ஒருவருக்கு வாய்த்தால் அவரிடம் இசை வளர்கிறது. இம்மூன்றையும் பள்ளி மாணவர் அனைவருக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வழங்க இயலுமா? இவ்வினாவுக்கு ஜாஸ் இசை பயிலும் மாணவர்களின் விழாக்கள் ஒரு விடை தருகின்றன.

ஜாஸ் என்னும் இசை

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள துறைமுக நகரம் நியூ ஆர்லியன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அந்நகரில் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். அவர்கள் வயலில் பாடிய உழைப்புப் பாடல்கள், தேவாலயத்தில் பாடிய வழிபாட்டுப் பாடல்கள், துயரத்தை வெளியிடும் 'புளூஸ்' பாடல்கள் ஆகியவற்றுடன் ஊர்வலங்களில் ஒலித்த ஊதுகருவிக் குழுக்களின் இசையும் கலந்தது. இக்கலவையிலிருந்து ஏறத்தாழ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசையே ஜாஸ். சமூகம் தமக்கு மறுத்த விடுதலையை இசைக்குள் கண்டடைந்த மக்களின் கலை இது.

ஜாஸ் இசைக்குழுவில் சாக்சபோன், டிரம்பெட், டிரோம்போன் ஆகிய ஊதுகருவிகள் இடம்பெறும். பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ் ஆகியவை தாளத்திற்கும் சுருதி அமைதிக்கும் துணை நிற்கும். பள்ளிகளில் உள்ள 'பிக் பேண்ட்' எனப்படும் பெருங்குழுவில் பதினேழு பேர் அளவில் இருப்பர்.

ஜாஸ் இசையின் உயிர்நிலை, கற்பனையாக அந்நேரத்திலேயே இசைப்பது ஆகும். ஒரு மெட்டை அனைவரும் சேர்ந்து இசைப்பர். பின்னர் ஒருவர் தனித்து எழுந்து, அம்மெட்டின் அடிப்படையை விட்டு விலகாமல், தம் மனத்தில் எழும் இசையை வாசிப்பார். ஏனையோர் அவரைத் தாங்கி நிற்பர். அடுத்து வேறொருவர் எழுவார். நம் மரபில் இதனை மனோதருமம் என்பர். ஒரு பாடலடியைப் பல்வேறு வகையாக விரித்துப் பாடும் நிரவலும், அந்நேரத்தில் தோன்றும் சுரக்கோவைகளைப் பாடும் கற்பனை சுரமும் இவ்வகையின. ஒருவர் வாசித்து நிறுத்த, மற்றொருவர் அதற்கு விடையாக வாசிப்பதும் ஜாஸ் மேடையில் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி உரையாடுவதைக் கேட்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நாற்று நடவின்போது ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடும் வழக்கமும் இதன் உறவே.

ஆகவே, ஜாஸ் இசைப்பவருக்கு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. உடன் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்கத் தெரியவேண்டும். இவ்விசையில் செவியே முதற்கருவி.

இரு தாளக் கலைஞர்களின் சந்திப்பு

1958ஆம் ஆண்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புருபெக் தம் குழுவினருடன் பல நாடுகளில் பயணம் செய்தார். அப்பயணத்தில் இந்தியாவிற்கும் வந்த அக்குழு, மதராசில் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தது. குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் அவரும் சேர்ந்து வாசித்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் கற்ற இசை முறை மற்றவருக்குப் புதிது. எனினும் தாளம் அவர்களை இணைத்தது. அங்கே நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டனர் என்பதே அச்சந்திப்பின் சிறப்பு.

அடுத்த ஆண்டு, அதாவது 1959இல், புருபெக் குழுவினர் 'டைம் அவுட்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். அக்காலத்து ஜாஸ் இசை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடந்தது. இத்தட்டிலோ ஐந்து எண்ணிக்கையிலும் ஒன்பது எண்ணிக்கையிலும் அமைந்த இசைகள் இடம்பெற்றன. ஐந்து எண்ணிக்கையில் அமைந்த 'டேக் ஃபைவ்' என்பதைத் 'தகிட தக' எனச் சொல்லிப் பார்க்கலாம். நாம் இதனைக் கண்ட நடை என்போம். 'புளூ ராண்டோ' என்பதன் ஒன்பது எண்ணிக்கை, 'தக தக தக தகிட' என நடக்கும். அந்நடையைப் புருபெக் துருக்கி நாட்டுத் தெருவிசைக் கலைஞர்களிடம் கேட்டறிந்தார். வழியில் கேட்டதைத் தம் கலையில் விதைத்தவர்களின் கதை இது. கேட்டலால் ஓர் இசை விரிவடையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விழா நடைபெறும் முறை

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 'ஜாஸ் அட் லிங்கன் சென்டர்' என்னும் இசை நிறுவனம் உள்ளது. அது 1990களின் நடுப்பகுதியிலிருந்து, டியூக் எல்லிங்டன் என்னும் ஜாஸ் மேதையின் படைப்புகளை எழுத்துக் குறிப்புகளாக்கி உயர்நிலைப் பள்ளிகளுக்கு விலையின்றி வழங்கிவருகிறது. 'எசென்ஷியலி எல்லிங்டன்' என்பது இத்திட்டத்தின் பெயர். இந்நிறுவனம் நியூயார்க்கில் நடத்தும் பெருவிழா, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் மோதும் போட்டியாகும். அதே நிறுவனம், பல்வேறு வட்டாரங்களில் நடத்தும் விழாக்களோ போட்டியற்றவை. அங்குத் தரவரிசை இல்லை. வந்த குழுக்கள் அனைத்தும் இசைக்கும். அனைத்துக்கும் வழிகாட்டுதல் கிடைக்கும். போட்டியையும் போட்டியற்ற விழாவையும் ஒரே நிறுவனம் நடத்துவது, இரண்டின் பயனும் வேறு வேறு என்பதை உணர்ந்ததால்தான்.

இத்தகைய விழா நாளில் ஒரு பள்ளிக்குழு மூன்று செயல்களில் ஈடுபடுகிறது.

முதலாவது, மேடை நிகழ்வு. தாம் பயின்றுவந்த சில இசைகளைக் குழுவினர் அரங்கில் வழங்குவர். வல்லுநர் சிலர் கேட்டுக் குறிப்பெடுப்பர். வாசிப்பு நிகழும்போதே தம் கருத்துகளை ஒலிப்பதிவு செய்து, பின்னர்க் குழுவின் ஆசிரியரிடம் அளிக்கும் வழக்கமும் உண்டு.

இரண்டாவது, பயிலரங்கம். மேடை நிகழ்வு முடிந்தவுடன் வல்லுநர் ஒருவர் அக்குழுவின் நடுவில் வந்து நிற்பார். ஆங்கிலத்தில் இதனைக் 'கிளினிக்' என்பர். மருத்துவமனையை உணர்த்தும் அச்சொல் இங்கு வந்தது பொருத்தமே. மருத்துவ மாணவர்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று, மூத்த மருத்துவர் நாடி பார்ப்பதையும் மருந்து சொல்வதையும் கண்டு கற்பர். அதுபோல, இங்கும் குறை எங்குள்ளது என்று கண்டறியப்படுகிறது. அந்த இடத்திலேயே தீர்வும் சொல்லப்படுகிறது.

மூன்றாவது, கேட்டல். தம் நிகழ்வு முடிந்ததும் மாணவர்கள் ஊர்தியில் ஏறிப் புறப்படுவதில்லை. பிற பள்ளிக் குழுக்களின் இசையை அரங்கில் அமர்ந்து கேட்பர். வல்லுநர்களும் தாமே மேடையேறி இசைப்பர். தம்மைத் திருத்தியவர் எவ்வாறு வாசிக்கிறார் என்பதைக் காணும்போது, அவர் சொன்ன சொல்லின் பொருள் மாணவர்க்கு முழுமையாக விளங்கும்.

பயிலரங்கில் நிகழும் மாற்றம்

பயிலரங்கில் என்னதான் நிகழும்? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு குழு வாசித்து முடிக்கிறது. மெட்டு தெளிவாகக் கேட்கவில்லை. மாணவர்கள் இன்னும் உரக்க ஊதவேண்டும் என்று எண்ணுகின்றனர். வல்லுநரோ டிரம்ஸ் வாசிப்பவரை மட்டும் நிறுத்தச் சொல்கிறார். ஏனையோர் அதே பகுதியை மீண்டும் இசைக்கின்றனர். மெட்டு தெளிவாகக் கேட்கிறது. இப்போது டிரம்ஸ் வாசிப்பவரிடம், "டிரம்பெட் உன் செவிக்குக் கேட்கும் அளவிற்கு மட்டும் வாசி" என்கிறார். மூன்றாம் முறை இசைக்கும்போது அரங்கம் முழுவதும் வேறுபாட்டை உணர்கிறது. குறை ஊதியவரிடம் இல்லை. கேளாமல் அடித்தவரிடம் இருந்தது. இதனை எந்த மதிப்பெண்ணும் சொல்லியிருக்காது.

மற்றொரு மாணவி தனித்து இசைக்கத் தயங்குகிறாள். தவறாகிவிடுமோ என்னும் அச்சம் அவளை ஆட்கொண்டுள்ளது. வல்லுநர் அவளுக்கு மூன்று சுரங்களை மட்டும் தருகிறார். "இம்மூன்றுக்குள் நீ விரும்பியதை வாசி" என்கிறார். எல்லை சிறிதாகும்போது அச்சமும் சிறிதாகிறது. அவள் வாசிக்கிறாள். இவ்வாறு திருத்தம் என்பது குற்றம் சாட்டுதல் ஆகாமல் வழிகாட்டுதல் ஆகிறது.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பயிலரங்குகளும் உண்டு. ஊதுகருவியாளர்க்கு ஓர் ஆசிரியர், தாளக் கருவியாளர்க்கு வேறோர் ஆசிரியர் எனப் பிரிந்து கற்பர். இம்முறை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வரையறுத்துள்ளார். மாதவி என்னும் ஒருத்தியின் அரங்கேற்றத்திற்குப் பின்னால் இத்தனை ஆசிரியர்கள் நின்றனர். மேடை ஒரு நாளில் நிகழ்வது. அதனைத் தாங்கும் ஆசிரியரின் உழைப்பு நெடுங்காலத்தது.

தெரிந்து தெளிவோம்

சாக்சபோன் கருவியை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ். 1846ஆம் ஆண்டு அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். படையணிகளின் இசைக்குழுக்களில் இடம்பெற்ற இக்கருவி, பின்னர் ஜாஸ் இசையின் அடையாளமாயிற்று. கத்ரி கோபால்நாத் இதனைக் கருநாடக இசையின் கமகங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்து வாசித்தார்.

நம் மரபில் போட்டியற்ற மேடைகள்

காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராசர் ஆராதனை நடைபெறுகிறது. அதன் உச்சமான நிகழ்வு, பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து பாடுவதாகும். புகழ்பெற்ற வித்துவானும் இளம் மாணவரும் ஒரே வரிசையில் அமர்வர். அங்கு எவர் குரலும் தனித்து ஓங்குவதில்லை.

1928ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை மியூசிக் அகாதமியின் இசைவிழாவில் மாலைக் கச்சேரிகளைப் போலவே காலை நேர விளக்கவுரைகளும் புகழ்பெற்றவை. வித்துவான்கள் ஓர் இராகத்தையோ ஒரு தாள நுட்பத்தையோ எடுத்துக்கொண்டு, பாடிக்காட்டியும் வாசித்துக்காட்டியும் விளக்குவர். பிற வித்துவான்கள் கேள்வி எழுப்புவர். மாலையில் கேட்டுச் சுவைத்ததன் நுட்பம் காலையில் விளங்கும். நிகழ்வும் விளக்கமும் இணைந்த இவ்வமைப்பு, ஜாஸ் விழாவின் பயிலரங்கோடு ஒப்பிடத்தக்கது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கு வித்துவான் பாடிக்காட்ட, மாணவர் கேட்கிறார். அங்கு மாணவர் வாசிக்க, வித்துவான் கேட்கிறார். மாணவரின் இசையை மூத்தவர் ஒருவர் முழு மனத்தோடு கேட்பது பெரும்பேறு.

போட்டியும் கற்றலும்

அவ்வாறாயின், போட்டிகள் தேவையில்லையா? அவ்வாறு கூறிவிட இயலாது. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை 2022–23ஆம் கல்வியாண்டு முதல் நடத்திவரும் கலைத்திருவிழா, சிற்றூர் மாணவர்கள் பலரை மாநில அளவிலான மேடைக்குக் கொண்டுவந்துள்ளது. மறைந்து கிடக்கும் திறமையை வெளிக்கொணரப் போட்டி உதவும். நாள்தோறும் பயிலும் ஊக்கத்தைத் தரும்.

தேர்வு என்பதும் வேறு. போட்டி என்பதும் வேறு. இளையராஜா இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். தேர்வில் ஒருவர் தம்மை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்; அவர் தேர்ச்சி பெறுவதற்குப் பிறர் தோற்கவேண்டுவதில்லை. போட்டியிலோ ஒருவர் முதலிடம் பெற, மற்றவர் பின்னிடம் பெற்றேயாக வேண்டும்.

பின்னிடம் பெற்ற மாணவனை எண்ணிப் பாருங்கள். பல திங்கள் தவில் பயின்று, ஐந்து நிமிடம் மேடையில் வாசித்தான். மூன்று பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அவன் பெயர் இல்லை. பங்கேற்புச் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு பேருந்து ஏறினான். தன் வாசிப்பில் எது நன்றாக இருந்தது, எது தவறியது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஆசிரியர் பெயர் கேட்டபோது அவன் கை உயரவில்லை. இத்தகைய மாணவனைக் காணாத ஆசிரியர் அரியர். அவன் இழந்தது பரிசையன்று. பரிசு ஒருவருக்கே உரியது என்பதை அவனும் அறிவான். அவன் இழந்தது ஒரு சொல்லை. 'உன் இடக்கை நன்றாகப் பேசுகிறது. காலப்பிரமாணம் மட்டும் ஓடுகிறது. தாளம் போட்டபடி சொல்லிப் பழகு' என்னும் ஒரு சொல் கிடைத்திருந்தால் அவன் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பான். ஒரு கலையை ஊர் இழப்பது இவ்வாறு ஒவ்வொரு மாணவனாகத்தான்.

அமெரிக்கப் பள்ளி விழாக்கள் பலவற்றில், 'எமக்கு மதிப்பெண் வேண்டா. கருத்துகள் மட்டும் போதும்' எனத் தெரிவிக்கும் வாய்ப்புக் குழுக்களுக்கு வழங்கப்படுகிறது. மதிப்பெண், ஒருவர் எங்கு நிற்கிறார் என்பதைக் காட்டும். கருத்தோ, அடுத்த அடியை எங்கு வைக்கவேண்டும் என்பதைக் காட்டும்.

நம் பள்ளியில் ஒரு மேடை

இத்தகைய விழாவை நடத்த ஜாஸ் கருவிகள் வேண்டும் என்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் பறை இசைக்கும் மாணவர்கள் இருப்பர். மற்றொன்றில் நாகசுரமும் தவிலும் பயில்வோர். வேறொன்றில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவோர். பிறிதொன்றில் கீபோர்டும் கிதாரும் வாசிப்போர். நான்கைந்து பள்ளிகள் ஒரு சனிக்கிழமையில் ஒன்றுகூடலாம். ஒவ்வொரு குழுவும் பதினைந்து நிமிடம் இசைக்கலாம். அடுத்த அரைமணி நேரம் ஊரில் வாழும் மூத்த கலைஞர் ஒருவர் அக்குழுவோடு அமரலாம். திருவிழாக்களில் வாசித்து முதிர்ந்த கலைஞர்கள் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் சிறப்பிக்கவும் இது ஒரு வாய்ப்பாகும். இறுதியில் அனைத்துக் குழுக்களும் ஒரே தாளத்தில் சேர்ந்து இசைக்கலாம். பறையின் நடைக்குக் கிதார் ஈடுகொடுப்பதையும், கீபோர்டின் மெட்டை நாகசுரம் ஏற்று வாசிப்பதையும் அன்று கேட்கலாம்.

அத்தகைய நாளின் முடிவில் மேடையில் கோப்பை ஏதும் இராது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டில் ஒரு வரியையாவது எழுதிக்கொண்டு செல்வர்: அடுத்த வாரம் எதனைப் பயிலவேண்டும் என்னும் வரி. பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு புறப்பட்ட ஓர் இளைஞர், ஊர் ஊராக இசைத்தும் கேட்டும் கற்றுமே உலக அரங்கை அடைந்தார். அவ்வாறு கேட்டுக் கற்கும் வாய்ப்பு, தவிலைக் கீழே வைத்துவிட்ட அந்த மாணவனுக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் மூத்த இசைக்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் இசை கற்ற முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'தகிட தக', 'தக தக தக தகிட' ஆகிய நடைகளைக் கைத்தட்டி வகுப்பில் குழுவாக இசைத்துப் பழகுக.

3. வகுப்பில் ஒருவர் பாடியபின், அவர் பாடலில் சிறந்தது ஒன்றையும் மேம்படுத்த வேண்டியது ஒன்றையும் அவர் மனம் நோகாத வகையில் எடுத்துரைக்க.

4. 'கலைகளின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிவது போட்டியே – போட்டியற்ற பயிற்சியே' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.